கதிர் பின்னால் போகாது

"யாரு பாத்தது?"

எங்கள் மேல்வீட்டில் குடியிருந்த கணக்கு டீச்சரை நினைத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால் வானத்தைப் பார்க்க மாட்டார், சொன்னவரைப் பார்ப்பார். "யாரு பாத்தது?" பக்கத்து வீட்டுக்காரர் பையனுக்குப் பெண் பார்த்தாயிற்றாம் என்றால், "யாரு பாத்தது?" மாங்காட்டில் அம்மன் கோயிலில் இன்று கூட்டமே இல்லையாம், போனதும் தரிசனமாம் என்று என் மனைவி பட்டுப்புடவையோடு வாசற்படி இறங்கியபோதும் அதே கேள்விதான். வரிசையில் நின்று நின்று கால் வீங்கித் திரும்பி வந்த என் மனைவி அன்றைக்கே டீச்சர் கட்சியில் சேர்ந்துவிட்டாள். நான் மட்டும் எதிர்க்கட்சியாகவே இருந்தேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இது அவர் கையில் கிடைத்தால், "அது நான்தான்னு யாரு பாத்தது?" என்று கேட்பார். எதற்கு வம்பு?

ஒல்லியான உடம்பு. திருநெல்வேலிப் பேச்சு. அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். பாதிப் பார்வை கண்ணாடி வழியாகவும் பாதிப் பார்வை அதற்கு மேலாகவும் வரும். கண்ணாடி சொல்வதைக் கண்ணாலும், கண் சொல்வதைக் கண்ணாடியாலும் சரிபார்க்கிறார் என்பது என் ஊகம். வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க்கடிகாரம் மாட்டியிருந்தார். இரண்டும் வேறு வேறு மணி காட்டும். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணு மட்டும் இருந்தா நம்பிருவோம்லா சார்" என்றார்.

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் அடுக்ககத்துக்கு அவர் வீடு பார்க்க வந்த அன்றே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். மோட்டார் எப்போது போடுவீர்கள் என்பார்கள். அசைவம் சமைக்கலாமா என்று குரலைத் தாழ்த்துவார்கள். இவர் கைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் சாவியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். கோலி கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, சமையலறை வாசலைத் தாண்டி, சிங்க்குக்கு அடியில் போய் நின்றது.

"தரை மட்டமா இருக்குன்னு சொன்னீங்களே சார்."

"பில்டர் சொன்னாரு மேடம்."

"அவரு பாத்தாராமா?"

நான் குனிந்து கோலியை எடுத்துக் கொடுத்தேன். பில்டர் தரையைப் பார்த்தாரா என்பது இருக்கட்டும், அவரை நாங்கள் பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

இருந்தாலும் டீச்சர் அந்த வீட்டையே எடுத்துக்கொண்டார். "எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சிட்டுல்லா? தெரியாத வீட்டுக்கு இது தேவலை" என்றார்.

மாலையில் நடக்கப் போகிறவர்கள் கையில் செல்போன் இருக்கும். இவர் கையில் மூலைமட்டம் இருந்தது. கரும்பலகையில் வரைவதற்குப் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் பெரிய மரமுக்கோணம். மாடிப்படித் திருப்பம், கேட்டுத் தூண், தண்ணீர்த் தொட்டியின் மூலை என்று ஒவ்வொன்றிலும் அதைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நான் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வண்டியைத் துடைக்கிற பாவனையில் பக்கத்தில் போனேன்.

"என்ன மேடம் பாக்கறீங்க?"

"தொண்ணூறு டிகிரி இருக்கான்னு."

"இருக்கா?"

"ஒண்ணுலயும் இல்ல சார்" என்றார், காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் கேட்டு, இல்லையென்று திரும்பி வந்தவரைப்போல.

அன்றிலிருந்து கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்வதாகவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. தலைமாட்டை வடக்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிப் படுத்தேன். "எந்தப் பக்கம் வெச்சாலும் அதே தலைதானே" என்றாள் என் மனைவி.

சனிக்கிழமை காலைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் வீட்டில் வடிவியல் வகுப்பு. என் மகள் யாழினியும் போனாள். மகளை ஒரு வீட்டுக்கு அனுப்புகிற தகப்பன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலில் என் செருப்பைத் தேடுவதுபோல் நின்றுகொண்டேன். என் செருப்பு என் காலிலேயே இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

முதல் பாடம் புள்ளி. எல்லாரும் தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். யார் புள்ளி சின்னது என்று போட்டி. பென்சிலைச் சீவிச் சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வைத்தார்கள். டீச்சர் ஒரு பூதக்கண்ணாடியோடு ஒவ்வொருவரிடமும் போனார்.

"இது என்னடே? புள்ளியா, புரோட்டாவா?"

"புள்ளி மிஸ்!"

"நீயே கண்ணாடில பாரு. இதுக்கு நீளம் இருக்கு, அகலம் இருக்கு. நாலு பேரு உக்காந்து சாப்பிடலாம். புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. இடம் மட்டுந்தான் உண்டு."

"அப்ப அதை எப்படி மிஸ் பாக்கறது?"

"பாக்க முடியாது. நீ வெச்சது புள்ளி இல்ல, புள்ளி இங்கன இருக்குன்னு ஒரு அடையாளம். அவ்வளவுதான்."

"அப்ப அது கடவுள் மாதிரியா மிஸ்?"

"கடவுளுக்காவது காலண்டர்ல படம் இருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கெடுத்தாலும் யார் பார்த்தது என்று கேட்கிற ஒருவர், யாருமே பார்க்காத ஒன்றை என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இதில் ஏதோ இருக்கிறது.

அடுத்து கோடு. ஒரு நூலை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தார்கள். "நடுவுல தொய்யுது பாத்தியா? கோடு தொய்யாது. நீங்க பிடிச்சிருக்கது கோட்டுத்துண்டு, ரெண்டு முனையும் உங்க கையில. கோடு இந்தப் பக்கமும் நிக்காது, அந்தப் பக்கமும் நிக்காது."

"சுவத்துல முட்டாதா மிஸ்?"

"சுவரத் தாண்டிப் போகும். ஆவடி, திருவள்ளூர் எல்லாம் தாண்டி."

"அரக்கோணத்துல நிக்குமா மிஸ்?"

"எங்கயும் நிக்காது."

பிறகு கதிர். ஒரு புள்ளியில் கிளம்பும், ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும், கிளம்பின இடம் உண்டு, சேர்கிற இடம் கிடையாது என்றார்.

"எங்க மாமா மாதிரி மிஸ். பிசினஸ் பண்றேன்னு கிளம்பினாரு."

"உங்க மாமா திரும்பி வருவாரு. கதிர் திரும்பாது. கிளம்பின புள்ளிக்குப் பின்னால கதிரே கிடையாது. என்ன கிடையாது?"

"கதிரே கிடையாது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

இதை நான் என் இரு காதாலும் கேட்டேன். கேட்டதில் பாதியை மனதில் வைத்திருந்தால்கூடப் பிற்பாடு மானம் போயிருக்காது.

கடைசியாகப் பலகையில் இரண்டு கோட்டுத்துண்டுகளை வரைந்து எது பெரியது என்று கேட்டார். மேலே இருப்பது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மனதுக்குள் மேலே இருப்பதைத்தான் சொன்னேன். அளந்து பார்த்தால் இரண்டும் சமம். "படத்த நம்பாதீங்க. தூர நின்னு பாத்தாப் போதாது. கிட்டப் போயிப் பாக்கணும்" என்றார். சொல்லிவிட்டு நேரே வாசலுக்கு வந்து, "சார், செருப்பு கிடைச்சிட்டா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் படிக்கட்டில் அவரை மடக்கினேன். "எதையும் பாக்காம நம்ப மாட்டேங்கறீங்க. ஆனா புள்ளிய மட்டும் யாரும் பாத்ததில்லன்னு சொல்லிக்குடுக்கறீங்களே?"

ஒரு படி மேலேயே நின்று யோசித்தார். "பாத்ததெல்லாம் ஏமாத்திருக்கு சார். இது ஒண்ணுதான் இதுவரைக்கும் ஏமாத்தல" என்றார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பார்த்ததெல்லாம் என்பதில் நான் சேர்த்தியா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி, குறி வந்த கதை.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் அதில் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. அந்தக் குழுவில் ஒரு நாள் காலை வணக்கத்துக்கும் முட்டிவலி மருத்துவத்துக்கும் நடுவே ஒரு செய்தி வந்தது. திருடர்கள் முதலில் வந்து வீட்டு வாசலில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போவார்களாம். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று படமும் இருந்தது. நான் அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்தபடியே வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால், வாசலுக்கு எதிரே தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஏ'. புள்ளியிலிருந்து ஒரு கோடு. கோட்டின் முனையில் அம்புக்குறி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பயம் வந்துவிட்டால் எனக்கு மூளை போனை அணைத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

எங்கள் வீடு தரைத்தளம். வாசலை ஒட்டி நீளமாக ஒரு நடைபாதை. அதன் ஒரு கோடியில் கேட். மறு கோடியில் கேட்டைப் பார்த்தபடி சங்கத் தலைவரின் வீடு. புள்ளி என் வாசலில் இருந்தது, அம்பு கேட்டை நோக்கி இருந்தது. நான் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டேன். 'ஏ' என்றால் முதலில் அடிக்கவேண்டிய வீடு. அம்பு, அடித்துவிட்டு ஓடவேண்டிய வழி. மாடியில் மற்ற வீட்டு வாசல்களிலும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் 'எக்ஸ்', 'ஒய்' என்று இரண்டு புள்ளிகள், இன்னொன்றில் 'எம்', 'என்'. படம் பிடித்துக் குழுவில் போட்டேன். முட்டிவலிக்காரர்கள் எல்லாரும் துள்ளி எழுந்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் சமையலறையில், குக்கர் கத்தும்போது. "யாழினிக்குத் தெரிய வேண்டாம். சின்னப் பொண்ணு, பயந்துடும்." ஆக, அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆளிடம் விஷயத்தை மறைத்தேன்.

சோபாவை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். "திருடன் வந்தா உக்காரட்டும்னா?" என்றாள் மனைவி. அவள் குளிக்கப் போன நேரத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. குறியை அழித்தால் திருடனுக்குத் தெரிந்துவிடும், உஷாராகிவிட்டோம் என்று கோபப்படுவான். அழிக்காமல் குழப்பிவிட்டால்? குளிர்சாதனப்பெட்டியின் மேல் யாழினியின் ரோஸ் கலர் சாக்பீஸ் ஒன்று கிடந்தது. சோபாவைத் தள்ளிவிட்டு அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், அந்தப் புள்ளியிலிருந்து பின்பக்கமாக அதே கோட்டை நீட்டி, முனையில் நல்ல பெரிய அம்பாகப் போட்டேன். அம்பு நேராகத் தலைவர் வீட்டைக் காட்டியது. தலைவர் பெரிய தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடத் திடமானவர், சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாடியில் இருக்கும் என் கம்பெனிக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் தலைவர் குழுவில் குரல் பதிவு போட்டார். "திருடன் மறுபடி வந்து போயிருக்கான். இந்தத் தடவை ரோஸ் கலர்ல எங்க வீட்டுக்கு அம்பு போட்டிருக்கான். எனக்கு ஆள் யாருன்னு தெரியும்."

அவர் சொன்ன ஆள் ஏழுமலை.

ஏழுமலை எங்கள் கேட்டுக்கு உள்ளே, புங்கமரத்தருகே இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். தினமும் வீடு வீடாக வந்து துணி வாங்கிப் போவார். யார் வீட்டுத் துணி எத்தனை என்று வண்டிப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பார். அதனால் பாக்கெட்டில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். எல்லா வாசலுக்கும் வருகிறார், சாக்பீஸ் வைத்திருக்கிறார், யார் ஊரில் இல்லை என்பது தெரியும். தலைவர் இந்த மூன்றையும் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுத்து அன்றைக்கே வண்டியை வெளியே தள்ளிவிட வேண்டும் என்றார். குழுவில் கட்டைவிரல்கள் மளமளவென்று எழுந்தன. ரோஸ் அம்பு என்னுடையது என்று சொல்ல நான் இரண்டு தடவை தட்டச்சு செய்து இரண்டு தடவையும் அழித்தேன். மூன்றாவது தடவை பதற்றத்தில் என் கட்டைவிரலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிறு காலை, வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கேட்டருகே ஏழுமலை வழக்கம்போல் கரியை விசிறிக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து மூன்று காரணங்களையும் சொன்னார். "இதுக்கு மேல என்ன வேணும்?" என்று முடித்தார்.

"யாரு பாத்தது?"

மாடிப்படியில் டீச்சர். கையில் காய்கறிப் பை.

"மேடம், இது ஓனர்ஸ் மீட்டிங்" என்றார் தலைவர்.

"இருக்கட்டும். அவரு குறி போட்டத யாரு பாத்தது?"

"பாக்கணும்னு என்ன? சாக்பீஸ் அவன்கிட்டதான் இருக்கு."

"என்கிட்ட ஒரு டப்பா நெறைய இருக்கே." பையைக் கீழே வைத்தார். "எங்க அந்தக் குறி? போட்டோ வேண்டாம். கிட்டப் போயிப் பாப்போம்."

கூட்டம் முழுக்க அவருக்குப் பின்னால் நடைபாதைக்குள் வந்தது. டீச்சர் என் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புள்ளியைப் பார்த்தார். 'ஏ'யைப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பிறகு பார்வை ரோஸ் பக்கம் திரும்பியதும் முகம் சிவந்தது.

"என்ன அநியாயம் இது?"

"அதத்தான் மேடம் நாங்களும்…" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"கதிர் வரையச் சொன்னா ரெண்டு பக்கமும் அம்பு போட்டிருக்கு! யாழினி!"

உள்ளேயிருந்து யாழினி ஓடிவந்தாள். தாளில் வரைந்தால் மனதில் நிற்காது, உங்கள் வாசலில் ஒரு புள்ளி வையுங்கள், அங்கிருந்து தெரிகிற இன்னொரு இடத்தை இரண்டாவது புள்ளியாக வைத்துக் கதிரோ கோட்டுத்துண்டோ வரையுங்கள் என்பது அந்த வாரத்து வீட்டுப்பாடமாம். எனக்குப் பின்னால் யாரோ, "வீட்டுப்பாடமா?" என்று ஈனக்குரலில் கேட்டார்கள். 'எக்ஸ்', 'ஒய்' வைத்த பையனின் அப்பாவாக இருக்கும்.

"கதிர் பின்னால போகுமா?" என்றார் டீச்சர்.

"போகாது மிஸ்."

"அப்ப இது?"

"நான் முன்னாடி மட்டும்தான் மிஸ் போட்டேன். அந்த ரோஸ் நான் போடல." கண்ணில் நீர் முட்டியது. "வேணும்னா பி-யக் கேட்டுப் பாருங்க மிஸ்."

"பி யாரு?"

"ஏழுமலை அங்கிள்."

"கூப்பிடு. அவரப் பத்தித்தான இங்க பேசுதாங்க. அவரும் இருக்கட்டும்."

ஏழுமலை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சார், அல்லாரும் நிக்கிறீங்க? துணி எதுனா மாறிப்பூட்ச்சா?"

"அண்ணாச்சி, நீங்க பி-யா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். நான்தான் பி." முகத்தில் ரத்தம் திரும்பியது. "பாப்பா வந்து சாக்பீஸ் கேட்டுச்சு, குட்த்தேன். வாசல்லருந்து தெரியலன்னு வண்டிய இந்தாண்ட தள்ளச் சொல்லி, மேல ஒரு புள்ளி வெச்சு பி-ன்னு எய்திச்சு. 'அங்கிள், மிஸ் பாக்கற வரைக்கும் வண்டிய நவுத்தாத, நவுத்துனா எனக்குத் தப்பாயிடும்'னுச்சு. அதான் அங்கியே கீறேன். வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது. நம்மால பாப்பாவுக்கு மார்க்கு போவக் கூடாது பாரு."

எல்லாரும் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தோம். வண்டி வழக்கமாக நிற்கிற புங்கமர நிழலைவிட்டு வெளியே, மொட்டை வெயிலில் நின்றிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் எல்லாரும் போய் வந்துகொண்டிருந்தோம்.

"ரோஸ் கலர் யாரு போட்டது?" டீச்சர் விடுவதாக இல்லை.

"ரோஸா?" என்றார் ஏழுமலை. சட்டைப்பையில் கைவிட்டு ஒரு துண்டு ரோஸ் சாக்பீஸை எடுத்தார். தலைவரின் கண்கள் பளிச்சிட்டன. ஏழுமலை நேராக என்னிடம் வந்து அதை நீட்டினார். "சார், தோச்சும் கரையாம உங்க சட்டப் பாக்கெட்ல இருந்துச்சு. பொட்டி போடறதுக்கு முன்னாடி அல்லாப் பாக்கெட்டும் பாத்துருவேன். குட்க்கலாம்னு வெச்சிகினு இருந்தேன். இந்தாங்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது? தலைவர் ரோஸ் கோட்டின் மேலேயே ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். அம்பு முனையில் நின்று நிமிர்ந்தால் எதிரே அவர் வீட்டு வாசல், அவர் பெயர்ப்பலகை.

"ஏன்யா," என்றார், திரும்பாமலே. "இது எங்க வீடுல்ல?"

"இல்ல சார்… கோடு ஒரு பக்கமா நின்னுடுச்சேன்னு…" என்றேன். எங்கள் அடுக்ககத்தில் கெட்ட எண்ணத்தோடு அடுத்தவன் வாசலைக் காட்டிக் குறி போட்ட ஒரே ஆள் சங்கத்தின் செயலாளர்தான் என்பது தெளிவானதும் கூட்டம் தானாகவே கலைந்தது.

டீச்சர் மட்டும் போகவில்லை. ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி ரோஸ் பாகத்தை மட்டும் என்னையே துடைக்கச் சொன்னார். "வெள்ளையத் தொடாதீங்க. அது பிள்ளையோட பாடம்." பிறகு தன் காய்கறிப் பையை எடுத்துவந்து அதிலிருந்து நூல்கண்டை எடுத்தார். யாழினி போட்டது சரி என்று இன்னும் அவர் நம்பவில்லை. ஒரு முனையை 'ஏ'யில் யாழினி பிடித்துக்கொள்ள, கோட்டின் மேலேயே நூலை இழுத்துக்கொண்டு கேட் வரை போனார். நூல் வண்டியைத் தொடாமல் ஒரு முழம் தள்ளிப் போனது.

"பி வழியாப் போகல. தப்பு" என்றார். "கோட்ட அழிச்சிட்டுத் திருப்பி போடணும்."

யாழினியின் உதடு கோணியது.

"அய்ய, அத இன்னாத்துக்கு அயிக்கிறீங்க?" என்றார் ஏழுமலை. "நான் தள்ளிக்கினு போறேன். எந்தாண்ட வரணும், சொல்லுங்க."

"அது முறை இல்ல அண்ணாச்சி. புள்ளிதான் முதல்ல. புள்ளிக்குத்தான் கோடு."

"நீங்க சும்மா இருங்க டீச்சர். இன்னா பாப்பா, இந்தாண்டயா?"

"இன்னும் கொஞ்சம் அங்கிள். இன்னும். நில்லுங்க!"

வண்டி நகர்ந்து நூலைத் தொட்டபோது, பாதி வண்டி புங்கமர நிழலுக்குள் போயிருந்தது. ஏழுமலை முதுகை நிமிர்த்தி, "அப்பாடா" என்றார். டீச்சர் குனிந்து, நூல் 'பி'யின் மேல்தான் போகிறதா என்று கண்ணாடி வழியாக ஒரு தடவையும் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவையும் பார்த்தார். "ம்" என்றார். அவர் கொடுத்ததிலேயே அதுதான் பெரிய மதிப்பெண்.

மாடிக்குப் போகுமுன் என் பக்கம் திரும்பினார். "சார், நெசமாவே திருடனுக்குப் பயந்துதான் அம்பு போட்டீங்களா?"

"சத்தியமா மேடம்."

பதிலுக்கு அவர் என்ன கேட்டிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்த கல்வியாண்டில் அவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைத்து, மாங்காட்டுப் பக்கம் வீடு மாறிப் போனார். சாமான் ஏறிய பிறகு, காலிக் கூடத்தின் நடுவில் மறுபடி கோலியை வைத்துப் பார்த்தார். அது அதே வழியில் சிங்க்குக்கு அடியில் போய் நின்றது. நான் எடுத்துக் கொடுத்தேன். பிரிகிற நேரமாயிற்றே என்று, "மாங்காட்டுல எங்க மேடம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு கேக்குதீங்க?" என்றார்.

அவ்வளவுதான். அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்தேன் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

நான் இன்னமும் பயந்தவன்தான். அந்தக் குறி விவகாரத்துக்கு அப்புறம் கதவில் லென்ஸ் வைத்தேன். காலையில் மணி அடிக்கும். "யாரு?" என்பேன்.

"பி சார். துணி."

லென்ஸில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும், வாசல் முழுக்க வளைந்து, முகத்தை மூட்டை மறைக்க, சந்தேகப்படுவதற்கென்றே செய்ததுபோல ஒரு ஆள் நிற்பான். கை தாழ்ப்பாளில் தயங்கும். படத்த நம்பாதீங்க, கிட்டப் போயிப் பாக்கணும் என்று மேல்வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

கதவைத் திறந்து பார்ப்பேன்.